வாங்குவோரைக் காட்டியவரை மறவாமை

சேர்வராயன் மலையில் கார்த்திகை பிறந்துவிட்டால் காப்பிச் செடிகளில் பழம் சிவக்கத் தொடங்கும். தை, மாசி வரை பறிப்பு நடைபெறும். அதனை ஒட்டியே, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்துள்ள மிளகுக் கொடிகளிலும் சரங்கள் முற்றி அறுவடைக்கு வரும். களத்தில் காயும் காப்பியையும் மிளகையும் பார்க்கும் குடியானவருக்கு மகிழ்ச்சி ஒரு புறம்; இதனை யாரிடம் விற்பது என்னும் கவலை மற்றொரு புறம். அக்கவலையைத் தீர்ப்பவர் பல சமயங்களில் ஓர் உறவினராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, சேலத்துக்கும் மலைக்கும் வேன் ஓட்டுபவராகவோ இருப்பார். “சேலத்தில் இன்ன கடைக்காரர் நல்ல மிளகு தேடுகிறார், போய்ப் பாருங்கள்” என்று அவர் கூறும் ஒரு சொல்லால், ஓராண்டு உழைப்புக்கு உரிய விலை கிடைத்துவிடுகிறது.

அவ்வாறு ஆள் காட்டிய அன்பருக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? அதனை எப்பொழுது, எவ்வாறு, எந்த அளவில் செய்ய வேண்டும்? எங்கே செய்யலாகாது? இவையே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். இது வெறும் மரியாதையைப் பற்றிய செய்தி அன்று. விவசாயிகளின் வருமானத்தையும் ஊராட்சி உறுப்பினர்களின் நேர்மையையும் ஒருங்கே தொடும் செய்தியாகும்.

ஆள் தேட வேண்டாதிருந்த காலம்

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில். அப்பொழுது சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் அதனை இங்கே கொணர்ந்தார் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், விளைந்த காப்பி எவ்வாறு விலைபோயிற்று என்னும் வரலாறு அத்துணை பரவலாகத் தெரிந்ததன்று.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டுப் போகவே, காப்பி விலை வீழ்ச்சியுற்றது. தோட்டக்காரர்களைக் காக்கும் பொருட்டு 1940இல் ஓர் அவசரச் சட்டமும், 1942இல் காப்பிச் சந்தை விரிவாக்கச் சட்டமும் பிறந்தன. அதன்படி, விதைக்கும் வீட்டுக்கும் வேண்டியது போக மீதிக் காப்பி முழுவதையும் தோட்டக்காரர் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதனைத் தரம் பிரித்து ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணை தவணையாகத் தோட்டக்காரருக்கு வழங்கும். தவணைகள் வரத் தாமதமாகும் என்ற குறை இருந்ததேனும், வாங்குவோரைத் தேடி அலையும் வேலை விவசாயிக்கு இல்லாதிருந்தது.

பின்னர் இந்நிலை மாறியது. 1992இல் விளைச்சலில் 100க்கு 30 பங்கை உள்நாட்டில் தாமே விற்றுக்கொள்ளத் தோட்டக்காரருக்கு அனுமதி கிடைத்தது. 1996இல் தொகுப்பு முறையே நீங்கி, காப்பி முழுவதும் தடையற்ற விற்பனைக்கு வந்துவிட்டது. இம்மாற்றத்தால் கிடைத்த உரிமை பெரிது. கூடவே வந்த பொறுப்பும் பெரிது. பெரிய தோட்டத்துக்குப் பெயர் உண்டு. அப்பெயரைக் கேட்டு வாங்குவோர் தாமே வருவர். நம் நாட்டுக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பான்மையோரோ 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டக்காரர்கள். இம்மலையில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயிக்கு விளம்பரம் இல்லை. விற்பனைப் பிரதிநிதி இல்லை. அவருக்காகப் பிறர் சொல்லும் நல்வார்த்தையே அவருடைய விளம்பரம். ஆகவே, அந்த வார்த்தையை உரத்தையும் நீரையும் போலப் பேணிக் காத்தல் அவசியமாகிறது.

ஆள் காட்டுபவர் பணயம் வைப்பது எது?

“அவர் என்ன செய்துவிட்டார்? ஒரு பெயரைச் சொன்னார், அவ்வளவுதானே?” என்று கேட்பவர் உண்டு. ஆழ்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். ஒருவர் மற்றொருவரை வியாபாரியிடம் அனுப்பும்பொழுது தம் பெயரையே பணயமாக வைக்கிறார். அனுப்பப்பட்டவர் ஈர மிளகைக் கொண்டுபோய்ப் போட்டால், வியாபாரி கோபிப்பது விவசாயியை மட்டுமன்று. “உம்மை நம்பினேனே” என்று ஆள் காட்டியவரையும் சேர்த்தே கோபிப்பார். பணம் கொடுத்தால் திரும்பப் பெறலாம்; பல ஆண்டுகளில் சேர்த்த நம்பிக்கை ஒரு மூட்டையில் போய்விட்டால் திரும்பப் பெறுவது அரிது.

நம் வட்டாரத்தில் நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறலாம். மலைக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், தமக்குச் சித்தப்பா முறையான வேன் ஓட்டுநர் காட்டிய வழியில், சேலத்தில் மசாலை அரைத்து விற்கும் ஒருவரிடம் தம் மிளகைக் கொடுத்தார். ஊருக்கு வந்து வாங்கும் வியாபாரி தந்ததினும் நல்ல விலை கிடைத்தது. இளைஞர் வீட்டுக்கு ஓடு மாற்றினார். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு பார்த்தார். சித்தப்பாவை வழியில் பலமுறை கண்டும் விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை. மறைக்க வேண்டும் என்பதன்று, தோன்றவில்லை, அவ்வளவே.

அடுத்த ஆண்டு அந்த மசாலைக்காரர் கூடுதலாக மிளகு வேண்டுமென்று ஓட்டுநரிடமே கேட்டபோது, “எனக்கு யாரையும் தெரியாது” என்று அவர் சொல்லிவிட்டார். மசாலைக்காரர் வேறு மலையிலிருந்து வாங்கிக்கொண்டார். இளைஞரின் மிளகு மீண்டும் ஊருக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே போயிற்று. அவருடைய அண்டை வீட்டார் நால்வருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பும் கூடவே போயிற்று.

நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது இச்செய்தி பேச்சில் வந்தது. ஓட்டுநர் கூறியது இது: “ஐயா, நான் பணமா கேட்டேன்? ‘சித்தப்பா, மிளகு நல்லபடி போய்விட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?”

அன்று மாலையே இளைஞர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார் என்று பின்னர் அறிந்தோம். மறு ஆண்டு ஓட்டுநரே வேனில் மூட்டைகளை ஏற்றிச் சென்றார். அண்டை வீட்டாருடைய மூட்டைகளும் அவற்றுள் இருந்தன.

இளைஞரை மட்டும் குறை கூறுவதற்கு நமக்குத் தகுதியில்லை. முன்பு வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, மகளிர் குழு ஒன்று செய்த பொருளுக்குப் பக்கத்து வட்டார அதிகாரி ஒருவர் வாங்குபவரைக் காட்டி உதவினார். விற்பனை நன்கு முடிந்தது. அதனை அவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று எண்ணியிருந்தோம். கோப்புகளின் நெருக்கடியில் நாட்கள் சென்றன. ஓராண்டு கழித்து அவரைச் சந்தித்தபோது, “அந்த வியாபாரம் நடந்ததா, இல்லையா?” என்று அவரே கேட்டார். அன்று நாம் அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

நன்றி கூறும் முறைகள்

நன்றி என்றவுடன் பணமும் பொருளும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவை கடைசியில் வைத்து எண்ணத்தக்கவை. முதலில் செய்ய வேண்டியவை வேறு.

முதலாவது, செய்தி சொல்லுதல். வியாபாரியைப் பார்த்துத் திரும்பிய நாளிலோ மறுநாளிலோ ஆள் காட்டியவருக்கு விவரம் கூறிவிட வேண்டும். விற்பனை முடிந்தால் மட்டும் கூறுவது போதாது; படியாவிட்டாலும் கூற வேண்டும். “விலை ஒத்துவரவில்லை, ஆனாலும் மரியாதையாகப் பேசினார், உங்களுக்கு நன்றி” என்று கேட்டவர், அடுத்த முறை இன்னும் பொருத்தமான ஒருவரைக் காட்டுவார். இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. எனினும், ஒரே ஊரில் இருப்பவருக்கு நேரில் சொல்வதே சிறப்பு.

இரண்டாவது, அவர் பெயரைக் காத்தல். இதனினும் மேலான நன்றி இல்லை. பார்ச்மெண்டுக் காப்பியின் ஈரம் 100க்கு 10 என்னும் அளவுக்கு இறங்கும் வரை காயவைக்க வேண்டும். பழுத்ததையும் பழுக்காததையும் கலந்து பறிக்கலாகாது. மிளகை வாங்குவோர் ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பர். பொக்கு மிளகைத் தூற்றி நீக்கிய பின்னரே மூட்டை கட்ட வேண்டும். மிளகில் பப்பாளி விதையைக் கலக்கும் தீய வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்பவர் வாங்குபவரை ஏமாற்றுவதோடு, தம்மை நம்பி ஆள் காட்டியவரின் முகத்திலும் கரி பூசுகிறார்.

மூன்றாவது, திரும்ப உதவுதல். வேன் ஓட்டுநர் மிளகுக்கு ஆள் காட்டினால், நம் ஊர்ச் சரக்கு ஏற்ற அவருடைய வேனை நாம் பிறருக்குச் சொல்லலாம். தையற்காரர் காட்டினால், பள்ளிச் சீருடை தைக்க வேண்டிய பெற்றோரை அவரிடம் அனுப்பலாம். ஆனால் அவருடைய வேலையின் தரத்தை அறிந்த பின்னரே அனுப்ப வேண்டும். கடமைக்காகத் தகாதவரைப் பரிந்துரைத்தால் நம் பெயர் கெடும்.

நான்காவது, சிறு பொருள். வீட்டில் வறுத்து அரைத்த காப்பித்தூள், ஒரு படி மிளகு, தோட்டத்துப் பலாப்பழம் அல்லது ஆரஞ்சு ஆகியவற்றை அன்போடு கொடுத்தல் நம் மரபுக்கு ஏற்றதே. அது பெறுபவர் கூசாத அளவில் இருக்க வேண்டும். பெரும் பொருளைப் பெற்றவர், அடுத்த முறை நம் நன்மையைக் கருதாமல் பொருளைக் கருதி ஆள் காட்டத் தொடங்கிவிடக் கூடும்.

நன்றி வேறு, தரகு வேறு

தரகர் தொழில் இழிந்ததன்று. வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்து வைத்து, அதற்குக் கூலி பெறுவது அவர் பிழைப்பு. அவரோடு பேசும்பொழுது தரகு எவ்வளவு, அதனைத் தருபவர் யார் என்பவற்றை விற்பனைக்கு முன்பே முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். பணம் வந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். தரகருக்குப் பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டுத் தரகைக் கொடாதிருப்பது ஏமாற்று. நண்பருக்கு நோட்டை எண்ணிக் கொடுத்து, “கணக்குத் தீர்ந்தது” என்பதோ நட்பைக் கூலியாக்குவதாகும். இன்னார் நண்பர், இன்னார் தரகர் என்பது தொடக்கத்திலேயே தெளிவாயிருந்தால் பிற்காலத்தில் மனத்தாங்கலுக்கு இடமிராது.

மற்றொன்றும் நினைவிற் கொள்க: ஆள் காட்டியவர் ஜாமீன் அல்லர். “நீங்கள் சொன்னீர்கள் என்றுதானே கடனுக்குப் போட்டேன்” என்று பிறகு அவரிடம் சண்டைக்குப் போவது முறையன்று. எடையைத் தாமே பார்த்தல், ரசீது பெறுதல், புதிய வியாபாரியிடம் முதற் சில முறை ரொக்கத்துக்கே விற்றல் ஆகியவை விவசாயியின் பொறுப்பு. வியாபாரி நாணயமற்றவராயின், அதனையும் ஆள் காட்டியவருக்கு அமைதியாகத் தெரிவிக்க வேண்டும். அவர் வேறு ஒருவரை அங்கே அனுப்பாமல் தடுப்பதும் ஓர் உதவியே.

பிற நாட்டார் கண்ட வழி

நகரத்துத் தொழில் செய்வோர் இதனை ஓர் ஒழுங்காகவே அமைத்துக் கொண்டுள்ளனர். 1905இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய ரோட்டரி சங்கத்தில், தொடக்க ஆண்டுகளில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து உதவுவதும் ஒரு நோக்கமாயிருந்தது. நாளடைவில் அந்நோக்கம் பின்னுக்குச் சென்று, பொதுத் தொண்டே முதன்மை பெற்றது. 1985இல் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்னும் அமைப்போ ஆள் காட்டுவதையே முழு வேலையாகக் கொண்டது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே இடம் பெறுவர். வாரந்தோறும் கூடி, ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளரைக் காட்டுவர். வியாபாரம் முடிந்ததும், பயனடைந்தவர் ஆள் காட்டியவருக்கு நன்றி கூறி, எவ்வளவுக்கு வியாபாரம் நடந்தது என்பதையும் தெரிவிப்பர்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மறதியை வெல்ல எழுத்து வேண்டும் என்பதே. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், கூட்ட நடவடிக்கைகளையும் சேமிப்பையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் முன்னரே உண்டு. விவசாயிகள் குழுக்களும் மகளிர் குழுக்களும் அதனோடு ‘நன்றிக் குறிப்பேடு’ ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஐந்து கட்டங்கள் போதும்: நாள், ஆள் காட்டியவர், வாங்குபவர், பொருளும் அளவும், நன்றி கூறிய நாள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்தாம் கட்டம் வெறுமையாயிருப்பவற்றைப் படித்தால் போதும். விடுபட்டவரிடம் அன்றே ஒருவர் போய்ச் சொல்லிவிடலாம். இவ்வேடு கடன் கணக்கு அன்று. “நான் மூன்று முறை காட்டினேன், நீ ஒரு முறைதான் காட்டினாய்” என்று வாதிடுவதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல்

இதுவரை கூறியவை விவசாயிகளும் வியாபாரிகளும் தம்முள் கொள்ளும் உறவைப் பற்றியவை. ஊராட்சித் தலைவரோ, உறுப்பினரோ, அரசு ஊழியரோ ஆள் காட்டும்பொழுது நிலைமை முற்றிலும் வேறாகிறது. அவர்கள் வழி காட்டுவது கடமை. கடமைக்குக் கைம்மாறு பெற இடமில்லை.

1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் ‘பொது ஊழியர்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள பொருள் விரிவானது. சம்பளம் பெறும் ஊழியர் மட்டுமன்றி, பதவியின் காரணமாகப் பொதுக் கடமை ஆற்றுபவரும் அதில் அடங்குவர். கடமையை முறைகேடாகச் செய்வதற்காகவோ, செய்ததற்கு வெகுமதியாகவோ தகாத ஆதாயம் பெறுவது குற்றம். அதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவராவர். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர், 7 நாட்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தால் மட்டுமே விலக்குப் பெறுவர்.

வியாபாரியிடமிருந்து வரும் அன்பளிப்பில் மேலும் எச்சரிக்கை வேண்டும். “உங்கள் ஊர் மிளகை எல்லாம் என்னிடமே அனுப்புங்கள், உங்களைக் கவனித்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் உறுப்பினரிடம் கூறினால், அப்பணம் வானத்திலிருந்து வரப்போவதில்லை. ஊராருக்குச் சேர வேண்டிய விலையிலிருந்தே அது கழிக்கப்படும். ஆகவே, உறுப்பினர் ஒருவர் வியாபாரி ஒருவரைக் காட்டுவதோடு நில்லாமல், தெரிந்த நால்வரின் பெயரையும் கூறி, தெரிவைக் குடியானவரிடமே விட்டுவிடுதல் நலம். வியாபாரி தம் உறவினராயின் அதனையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாறாயின், குடியானவர் உள்ளன்போடு கொண்டுவருவதை என்ன செய்வது? ஏற்காட்டுக் கோடை விழாவில் தம் விளைபொருளை விற்க இடம் பெறும் வழியை நாம் ஒரு விவசாயிக்கு ஒருமுறை எடுத்துரைத்தோம். விழா முடிந்தபின் அவர் ஒரு சாக்கு நிறையப் பலாப்பழம் கொணர்ந்தார். “ஐயா, இது லஞ்சமில்லை, எங்கள் வீட்டு மரத்துப் பழம்” என்றார். அவர் முகத்தைப் பார்த்து மறுப்பது எளிதாயில்லை. “பழத்தை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள். எனக்கு நன்றி செய்ய வேண்டுமானால், இடம் பெற்ற விதத்தை அடுத்த கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள்” என்றோம். அவர் முதலில் சற்று வாடினார். ஆனால் கிராம சபையில் எழுந்து, விண்ணப்பம் எழுதியதிலிருந்து பழம் விற்றுத் தீர்ந்தது வரை விளக்கமாகக் கூறினார். கூட்டம் முடிந்ததும் சிலர் அவரைச் சூழ்ந்துகொண்டு விவரம் கேட்டனர். அடுத்த ஆண்டு அவர்களுள் ஐவர் விண்ணப்பம் எழுதினர். அதிகாரிக்கும் உறுப்பினருக்கும் செய்யத்தக்க நன்றி இதுவே: பெற்ற வழியைப் பிறருக்கும் காட்டுதல்.

முடிவுரை

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அது திருக்குறளின் 11ஆவது அதிகாரம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. நன்றியுணர்ச்சி நமக்குப் புதிதன்று. அதனை உள்ளத்தில் வைத்துக்கொண்டு வாயைத் திறவாமல் இருப்பதே நம் குறை. உள்ளத்திலிருக்கும் நன்றி ஆள் காட்டியவருக்குத் தெரிவதெப்படி?

இந்த ஆண்டுப் பறிப்பு முடிந்து மூட்டைகள் மலையிறங்கும்பொழுது, ஒவ்வொரு மூட்டைக்கும் வழி காட்டியவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பணம் கைக்கு வந்த அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, நடந்ததைச் சொல்லுங்கள்.

ஊர்க் கூட்டத்தில் கலந்து ஆராய வேண்டியவை

1. சென்ற பருவத்தில் நம் ஊர் விளைபொருளுக்கு வாங்குவோரைக் காட்டியவர்கள் யாவர்? அவர்களுள் இன்னும் செய்தி சொல்லப்படாதவர் உண்டா?

2. நம் குழுவில் நன்றிக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?

3. காப்பி, மிளகு ஆகியவற்றின் ஈரத்தையும் தூய்மையையும் மூட்டை கட்டுமுன் பார்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. நம் ஊரில் தரகுக்குத் தெளிவான அளவு உண்டா? அது எழுத்தில் உள்ளதா?

5. ஊராட்சி உறுப்பினர் வழிகாட்டியபோது, அவருக்கு நன்றி தெரிவிக்கத் தகுந்த முறை எது?